பதின்மூன்றாம் வளைவில் எழுவாய்

அயோத்தியாப்பட்டணத்து ஜவ்வரிசி ஆலைக்குக்
கொரியாவிலிருந்து ஓர் உலர்த்தி வந்தது.
கூடவே நானூறு பக்கக் கையேடு,
கூடவே அதைப் பூட்டிக் கொடுக்க க்வாக்.
நடுவில் நான்,
நாளொன்றுக்கு மூவாயிரம், மதியச் சாப்பாடு தனி.

முதல் வாரம் முழுக்க உருபுகளோடு மல்லாடினேன்.
திருகாணிகள் பரவாயில்லை.
'புதொ' என்றால் 'இருந்து':
காலை ஆறிலிருந்து, மூன்றாம் வால்விலிருந்து.
அதன் பூர்விகம் ஒட்டு என்னும் வினை,
கிழங்குமாவு விரலில் ஒட்டுகிற ஒட்டு.
நம்முடையது இரு.
அவர்கள் ஓர் இடத்தில் ஒட்டியிருந்து கிளம்புகிறார்கள்,
நாம் சற்று இருந்துவிட்டுக் கிளம்புகிறோம்.
'க்காஜி' என்றால் 'வரை'.
உச்சம், எல்லை என்றொரு பழஞ்சொல் தேய்ந்து அப்படி ஆனதாம்.
எங்களுக்கு வரை என்றால் மலையும்தான் என்று
ஜன்னல் வழியே சேர்வராயனைக் காட்டினேன்.
க்வாக் பேனாவை மூடினார்:
அப்படியானால் ஞாயிறன்று அந்த வரை வரை.

அம்மா அப்பா இங்கும் அங்கும் ஒன்றுபோல் ஒலிக்க
உறவு கொண்டாட வந்தார் ஆலை மேலாளர்.
நான் தலையாட்டவில்லை.
எனக்குப் பிடித்தது வேறு:
இருவருக்கும் வினை கடைசியில்தான் வரும்.

சின்னராசுவின் வண்டி.
பதின்மூன்றாம் வளைவில் போன் அடித்தது.
குன்சான் மருத்துவமனை.
அப்பா அங்கே இரண்டு மாதமாகப் படுக்கையில்.
ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல்,
'அபொனிம்க்கெசொ...'
அதோடு சிக்னல் போயிற்று.

எழுவாய் மட்டும் காருக்குள் இருந்தது.
பயனிலை மலையின் வேறேதோ பக்கம்.
ஆங்கிலமென்றால் இரண்டாவது சொல்லிலேயே தெரிந்திருக்கும்.

'கா' போட்டிருக்கலாம்.
நானூறு சொச்சம் வருடம் முன்புதான் தலைகாட்டிய சின்ன உருபு,
வீட்டில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.
'க்கெசொ' பெரியவர்களுக்கு, மேடைக்கு.
நாளிதழில் 'தந்தையார்' என்று பார்த்ததும்
அடுத்த சொல்லுக்குக் கண் முந்தி ஓடுமே, அப்படி.
அல்லது வெறும் மருத்துவமனைப் பழக்கம்,
நர்ஸ்கள் யாருடைய அப்பாவையும் அப்படித்தான் சொல்வார்கள்.
இதைச் சொல்ல வாயெடுத்தேன்.
அவருடைய மொழி, அவருடைய அப்பா.

பதினான்கு. பதினைந்து.
சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி.
லாரிக்கு வழிவிட நின்றோம்,
குரங்கொன்று கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்தது.
சின்னராசுவுக்கு ஒரு சொல்லும் விளங்காது,
ஆனாலும் பாட்டை அணைத்திருந்தான்.
க்வாக் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்
மழைத்தண்ணீர் பிடிக்கிறவரைப் போல.

எனக்குள் வினைகள் வரிசை கட்டின.
திரும்பிப் போனார்:
காலமாவதை அவர்கள் அப்படித்தான் சொல்வது.
ஒவ்வொரு வளைவிலும் வண்டி திரும்பிப் போயிற்று.
வேண்டாமென்று வேறு நினைத்தேன்,
குளித்தார், கேட்டார், திட்டினார்.
எதை எடுத்தாலும் அதன் இடுப்பில் அதே 'ஷி',
இருப்பவருக்கும் இல்லாதவருக்கும்
ஒரே அளவில் வெட்டிய மரியாதை.

ஏரி தெரிந்தபோது இரண்டு கோடு சிக்னல்.
அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.
அப்பா,
மறுபடியும் அந்த க்கெசொ,
இன்று காலை,
யாரும் பிடிக்காமல்,
கட்டிலில்,
(இன்னும் வரவில்லை)
எழுந்து உட்கார்ந்தார்.

கஞ்சி கேட்டாராம்.
உப்புப் பத்தவில்லையாம்.

க்வாக் 'யோ' என்று முடிகிற எதையோ
நாலைந்து தடவை சொன்னார்.
நான் மொழிபெயர்க்கவில்லை.
சின்னராசு கைபிரேக்கை இழுத்துவிட்டுத் திரும்பினான்:
'அப்பாரு நல்லாருக்காருங்களா?'
என்னைப் பார்த்துத்தான் கேட்டான்.
'ஆமாங்க' என்றார் க்வாக்,
ஆலையில் பொறுக்கிய அந்த 'ங்க'வைச்
சரியான இடத்தில் ஒட்டி.