உதிரி

பகாவ் கடைவீதி. டயர் கடைக்கு மேல்மாடி.
வாடகை முந்நூற்றைம்பது ரிங்கிட், தண்ணீர் தனி.
பகலில் ஆலையின் எடைமேடையில் சீட்டுக் கிழிக்கிறேன்.
இரவில் நான் ஒரு நிறுவனம்:
முதலாளி, வரைகலைஞர், கணக்குப்பிள்ளை,
கொசுவத்தி ஏற்றுபவள்,
எல்லாம் ஒருத்தி.

என் விளையாட்டு எளிது.
செம்பனைக் குலைகள் வரிசையாய் வரும்.
பழுத்தது சிவப்பு, காய் கருப்பு.
சிவப்பைத் தட்டு. கருப்பை விடு.
மூன்று தவறினால் லாரி போய்விடும்.

முதலில் ஆடிப் பார்த்தவன் லோகேந்திரன்.
தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் எனக்குப் பின்பெஞ்சு,
பன்னிரண்டு வருடமாய்க் குலை வெட்டுகிறான்.
நாலு தடவை லாரியை விட்டான்.
"லைன் ஸ்லோ" என்றான்.
இந்த விளையாட்டுக்கு லைனே வேண்டாம்.

கோப்பி ஆறும்வரை இருவரும் பேசவில்லை.
பிறகு, மேசையைப் பார்த்தபடி:
"சிவப்பு எனக்குக் கருப்போட பக்கத்து வீடு.
ரெண்டு கதவிலயும் நம்பர் இல்ல.
மண்டோருக்குத் தெரியாது. நீயும் சொல்லாத."

அப்போ தினமும் எப்படி வெட்டுற?

"கீழ பார்ப்பேன்.
பழுத்த குலை தானா உதிர்க்கும்.
மரத்தடியில உதிரி கிடந்தா மேல அரிவாள்.
நீங்கதான் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறீங்க."

இரண்டு வாரம் உட்கார்ந்தேன்.
அமைப்புகளுக்குள் ஒரு பக்கம்,
அதற்குள் இன்னொரு பக்கம்,
அதன் அடியில் ஒரு சுவிட்ச்:
நிறக்குறைபாடு உள்ளோருக்கு.
எனக்கு நானே ஒரு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன்.

அவன் திறந்தான். வாசித்தான். மூடினான்.
"லாரியில எட்டுப் பேர் நெருக்கி உட்கார்றோம், புள்ள.
இத நான் தட்டுறத
எட்டு பேரும் பார்ப்பானுங்க."

குறைபாடு.
அந்தச் சொல் அவன் கண்ணில் இல்லை.
என் விசைப்பலகையில் இருந்து வந்தது அது,
எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

சுவிட்சை அழித்தேன்.
இப்போது பழுத்த குலை எல்லாருக்கும் உதிர்க்கிறது.
யாரும் கேட்க வேண்டாம், எதையும் திறக்க வேண்டாம்.
டுக் என்று ஒரு சத்தம்,
கையில் சின்ன அதிர்வு,
மரத்தடியில் நாலு பழம்.
சிவப்பும் இருக்கிறது, விரும்புகிறவர்கள் பார்க்கட்டும்.

முடிந்தது என்று நினைத்தேன்.

ஆலை அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் நவமணிக்குப்
பார்வை கிடையாது, வாய் உண்டு.
திரையை வாசிக்கும் குரலை
மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டு
என் விளையாட்டை எனக்கே கேட்கக் கொடுத்தாள்:
பட்டன். பட்டன். பட்டன். பெயரில்லாத பட்டன்.
"உங்க வீட்டுல எல்லாருக்கும்
மனுசன்னுதான் பேர் வச்சிருக்கீங்களா?"

பதினேழு பட்டனுக்கும் அன்றிரவு பெயர் வைத்தேன்.
ஒன்றுக்குப் 'பின்னே' என்று வைத்தேன்.
குரல் அதைச் சொன்ன விதம்
என்னிடம் கேள்வி கேட்பது போலிருந்தது:
பின்னே?
'திரும்பு' என்று மாற்றினேன்.
குலைகள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று
அவளுக்கு இன்னும் தெரியவில்லை.
இடக்காதுக்கும் வலக்காதுக்கும்
சத்தத்தைப் பிரிக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.
திங்கட்கிழமை என்று சொல்லியிருக்கிறேன்.
எந்தத் திங்கள் என்று அவள் கேட்டாள்.

இறக்கியவர்கள் அறுபத்து மூன்று பேர்.
வருமானம் பதினோரு ரிங்கிட் நாற்பது சென்.
ஒரு நட்சத்திரம் போட்ட ஒருவர் எழுதியிருக்கிறார்:
முன்பு கஷ்டமாக இருந்தது, இப்போது யார் வேண்டுமானாலும் ஆடலாம்.
அதைத் திட்டு என்றுதான் எழுதினார்.
நான் இரண்டு தடவை வாசித்தேன்.

காலை ஐந்தே முக்கால்.
குத்தகை லாரி டயர் கடை முன் நிற்கிறது, ஆள் ஏற்ற.
தார்ப்பாய்க்குள் இருட்டு, இருமல், சிகரெட் நெருப்பு.
பல் துலக்கிக்கொண்டே ஜன்னலில் நிற்கிறேன்.

டுக்.
கொஞ்சம் தள்ளி, இன்னொரு டுக்.

எட்டுப் பேரில்
யார் கைப்பேசி என்று
மேலிருந்து தெரியவில்லை.