வெற்றிடங்கள் உட்பட

நாலாயிரம் எழுத்து, வெற்றிடங்கள் உட்பட
என்கிறது திரை.
வெறும் இடத்தையுமா எண்ணுவார்கள்?
"ஓம் அம்மா, ஸ்பேஸும் ஒரு எழுத்துத்தான்"
என்கிறான் யதுசன், தலை நிமிராமல்.

லூட்டனில் விடியாத மழை.
விமான நிலையத்துக் கிச்சனில்
இரவு முழுக்க முட்டை சாண்ட்விச்சுகளை
முக்கோணமாய் வெட்டி அடைத்த கை
இரண்டு தரம் கழுவியும் மயோனைஸ் மணக்கிறது.
படுக்கவேண்டியவள்
மேசையில் அவனுக்கு எதிரே இருக்கிறேன்.
உதவி செய்கிறேனாம்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள், போனேன்.
"பிள்ளைகளின் பக்கத்தில் நில்லுங்கள்"
என்றார் மிஸ்டர் ஹாலண்ட்.
எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.
கோடையில் எழுதப்போகும் சோதனைக்கு
இலையுதிர்காலத்திலேயே புள்ளி போட்டுக் கொடுத்தார்.
எங்கள் ஊர்ச் சாத்திரிமாருக்கும்
இவ்வளவு துணிச்சல் இருந்ததில்லை.

பாடம் நிலவியல்.
டொரொண்டோவிலிருந்து அக்கா கேட்டாள்:
என்ன படிக்கப் போறான்?
கல்லு, அக்கா.
கல்லூரி சரி, பாடம் என்ன?
கல்லுத்தான் அக்கா, பாடம்.
சிக்னல் போய்விட்டது என்று வைத்துவிட்டாள்.

ஐந்து இடம் தெரியலாம்.
நான் கோச் டிக்கெட்டின் விலையால் அளந்தேன்,
அவன் பாறையின் வயதால்.
கடைசியில் அபர்டீன்.
அங்கே குளிருமே.
"கருங்கல் நகரம், அம்மா."
இரண்டும் ஒரே பதில்தான்.

சிறு வயதிலிருந்தே எனக்குப் பூமியில் தீராத ஆர்வம்
என்று தொடங்கியிருந்தான்.
எல்லாரும் இதைத்தான் எழுதுகிறார்கள் என்று
சிவப்பில் ஒரு கோடு.
அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு
மூன்று நாள் இருந்தவனிடம் சொன்னேன்:
ஆறு வயதில் வார்டன் குன்றில் பொறுக்கின
சிக்கிமுக்கிக் கல்லையெல்லாம்
கோட் பொக்கற்றில் ஒளிச்சு வைச்சாயே,
வாஷிங் மெஷின் கண்ணாடி வெடிச்சுதே,
அதை எழுதடா.
"அம்மா, இது சீரியஸான விஷயம்."
எழுபது பவுணும் சீரியஸ்தான்.

சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பை நிறுத்தி
அந்தக் கல் உண்டான விதத்தைச் சொன்னான்:
சுண்ணாம்புச் சேறாய்க் கிடந்த கடலடியில்
ஏதோ ஒரு சிறு பிராணி தோண்டிய பொந்து.
பிராணி செத்துப்போகும்.
பொந்துக்குள் மெல்ல மெல்லக் கல் ஊறும்.
சேறு கரைந்த பின்னும்
பொந்து மட்டும் பொந்தின் வடிவிலேயே மிஞ்சும்.
கையில் எடுத்தால் கனக்கும்.

அதை அப்படியே எழுது என்றேன்.
ஆங்கிலத்தில் எழுதினான். நன்றாக இருந்திருக்க வேண்டும்,
தட்டும் சத்தத்தில் தெரிந்தது.

அடுத்த பக்கத்தில் ஒரு கேள்வி.
பெற்றோரில் யாராவது உயர்கல்வி முடித்தவரா?
ஆம். இல்லை. தெரியாது. சொல்ல விரும்பவில்லை.
அவன் விரல் நின்றது.
"அம்மா, நீங்க ஏ.எல். எழுதினீங்கள்தானே?"
நாலு பாடத்தில் இரண்டு எழுதினேன்.
மூன்றாம் நாள் மண்டபம் இருக்கவில்லை.
பௌதிகத்துக்குக் கூர்தீட்டிய பென்சிலோடு
கிளாலிக் கடலில் வள்ளம் ஏறினேன் என்பதை
அவனுக்கு இதுவரை சொன்னதில்லை.
இன்றைக்கும் சொல்லவில்லை.
"இல்லை" என்று போடு, என்றேன்.
போட்டான்.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான்.

இருபத்தெட்டுப் பவுண் சில்லறை. என் அட்டை.
அதிலே என் பெயர் முழுதாய் அடங்காது,
சிவபாக்கியலட்சுமி பாதியில் நிற்பாள்.
பணம் போய்விட்டது என்றது திரை.
இனிக் காத்திருப்பதுதான் என்றான்,
எனக்கு அதைப் பழக்குகிறவன் போல.

அவன் பள்ளிக்கூடம் போன பிறகு
அழுக்குத் துணி அள்ளினேன்.
பதினேழு வயதுக் காற்சட்டைதான்,
ஆனாலும் பொக்கற்றுக்குள் கைவிட்டுப் பார்க்காமல்
எந்த நாளும் போட்டதில்லை.
ஒரு பஸ் டிக்கெட், ஒரு பேனை மூடி.

மெஷின் கதவைச் சாத்தினேன்.
எத்தனை நிமிடம் என்று
அது எண்ணத் தொடங்கியது.