நான்கு புள்ளி இரண்டு

தண்ணீரில் கல்லைப் போடுவது என் வேலை.
எவ்வளவு தண்ணீரை அது தள்ளுகிறதோ
அதைக் கணக்கெழுத வேண்டும்.
நான்கு புள்ளி இரண்டு என்றால் கப்பலுக்கு.
குறைந்தால் சுரங்கத்துக்குப் பின்னால்
மேட்டில் கொட்டிவிடுவார்கள்.

கோடூரில் இதை முக்குராயி என்கிறார்கள்.
நகரிக்காரி நான், கோலக்கல் என்று வாய் குழறினால்
ஓபுலேசு சிரிப்பார்.

லாரியில் பாதிகூட நிரம்பியிருக்காது.
ஊத்துக்கோட்டைச் சாவடியில் புதுக் காவலர் கேட்டாராம்:
"மிச்சத்தை எங்கய்யா வித்தே?"
நாதமுனி பதில் சொல்லவில்லை,
டயரைக் காட்டினான்.

கறுத்த பாறை, மேலே கறுத்த பாறை,
நடுவில் சாம்பல் படுகை.
கடுகும் மிளகும் சில இடத்தில் சுண்டைக்காயுமாய்
கடல் ஒன்று உருட்டிப் போட்டவை.
மீன் இல்லாத கடல்.
கரையில் புல் இல்லை, பார்க்கக் கண் இல்லை.
பிராணவாயுவுக்குப் பஞ்சமான அந்நாளில்
ஒவ்வொரு கந்தக அணுவும்
நான்கைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டது.
பேரியம் வந்து முடிச்சிட்டது.
இன்னும் அவிழவில்லை.

நூறு கோடி வருடம் என்றான் ஆய்வு மாணவன்,
பத்துப் பதினைந்து கோடி முன்னே பின்னே இருக்கலாமாம்.
புள்ளிக்குப் பிறகு இரண்டாம் இடம் பிசகினால்
எனக்கு மெமோ.

மாசியில் நெஞ்சுக்குக் கீழே எரிச்சல்.
திருப்பதி ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றோடு நிற்கவைத்து
ஷர்புன்னிசா டம்ளரை நீட்டினாள்.
"மூச்சு விடாம குடிங்கக்கா."
கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது.
பால் இப்படி மணிக்கட்டை இழுக்காது.

திரையில் என் குடல்
மடிப்பு மடிப்பாய் வெளுத்தது.
சுரங்கச் சுவர் போல என்று சொல்ல நினைத்து
சொல்லவில்லை.
"பயப்படாதீங்க, உடம்புல கரையாது.
வந்த மாதிரியே போயிடும்."
"தெரியும்" என்றேன்.
எத்தனை முறை அமிலம் ஊற்றிப் பார்த்தவள் நான்.

புண் இல்லை. பத்து நாளுக்கு மாத்திரை.
ரேணிகுண்டா தாண்டி, சரக்கு வண்டிக்கு வழிவிட்டு
எங்கள் ரயில் நின்றது.
குறைநிரம்பிய பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன.
முப்பத்தெட்டுவரை எண்ணினேன்,
பிறகு ஒருவன் கொய்யா விற்க வந்தான்.

மறுநாள் முதல் கல்:
மூன்று புள்ளி ஒன்பது.
எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.
மேட்டுக்குப் போக வேண்டியதை
ஈரம் துடைத்து
கைப்பையில் போட்டுக்கொண்டேன்.
பஸ் ஏறும்வரை தோளை இழுத்தது.