மூன்றாவது புகைபோக்கி

இருபது வயதில் என்னிடம் இருந்தவை
ஓர் உளி, ஒரு ரோலர்,
பாரிமுனையில் பேரம் பேசி வாங்கிய
ஒரு டப்பா அச்சு மை.
லினோலியத்தில்
வெட்டிய இடம் வெள்ளை,
விட்ட இடம் கறுப்பு.
நடுவில் யாரும் குடியிருக்கவில்லை.

எண்ணூரிலிருந்து மின்சார ரயிலில்
கல்லூரிக்கு வரும்போது
பெண்கள் பெட்டியின் வாசலில் நின்று
ஆட்களைப் பிரித்துக்கொண்டே வருவேன்.
கொருக்குப்பேட்டை வருவதற்குள்
பாதிப் பேர் கறுப்பில் இறங்கிவிடுவார்கள்.

கம்பெனி மதில்சுவரில்
மீனும் அல்லியும் வரைந்து
பதினெட்டாயிரம் வாங்கிய இளவேனிலோடு
ஒரு செமஸ்டர் முழுக்கப் பேசவில்லை.
கேன்டீனில் அவள் டீயை நீட்டியபோது
எனக்குப் பழக்கமில்லை என்றேன்.
அன்று காலை மூன்று டீ குடித்திருந்தேன்.

அந்த மார்ச்சில்தான்
அனல்மின் நிலையத்தை வெட்டினேன்.
மூன்று புகைபோக்கி, மூன்றிலும் கரும்புகை.
கீழே கழிமுகம், ஒரு படகு,
படகில் ஒரு பாவமும் அறியாத
வெள்ளையில் ஒருவர்.
ஐம்பது பிரதி.
மைதா காய்ச்சி
இரவோடு இரவாக ஒட்டிவிட்டு வந்தோம்.
ஒன்று மட்டும் ஈரம் காயட்டும் என்று
வீட்டுக் கொடியில் தொங்கியது.

நைட் ஷிப்ட் முடிந்து எபி வந்தான்.
எபினேசர். எனக்கு இரண்டு வயது இளையவன்.
சாம்பல் குழாயில் ஒப்பந்தக் கூலி,
உடைந்த இடத்தில் சாக்கு கட்டும் வேலை.
என் கல்லூரிக் கட்டணம்
அந்தக் குழாய் வழியாகத்தான் வந்தது.
அதை நான் எந்தப் படத்திலும் வெட்டியதில்லை.

சட்டையைக்கூடக் கழற்றாமல்
கொடிக்கு முன்னால் நின்றான்.
முடி, புருவம், இமை
எல்லாம் சாம்பல்.
கோபப்படுவான் என்று
பதில்களை வாய்க்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

“அக்கா, மூணாவது கூண்டு ஓடறதில்ல.
ஆறு மாசமா சும்மா நிக்குது.
அதுல இன்னாத்துக்குப் பொகை வுட்டுக்கீற?”

அவ்வளவுதான்.
பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு
குழாயடிக்குப் போனான்.
ஊற்ற ஊற்ற
அவன் காலடியில் ஓடிய தண்ணீருக்கு
என் டப்பாவில் நிறமில்லை.

மூன்றாவது புகையைச் செதுக்கி எடுத்தேன்.
லினோவில் எடுக்கலாம்,
திரும்ப வைக்க முடியாது.
உளி கையில் இருக்கும்போதே
படகுக்காரரையும் பார்த்தேன்.
தேசப்பன் அண்ணன்.
மீன் படாத நாட்களில்
அவருடைய டாடா ஏஸ்தான்
செங்கல் சூளைக்குச் சாம்பல் ஏற்றிப் போகும்.
அவரை எங்கே வெட்டுவது?
எவ்வளவு விடுவது?

மறுநாள் இளவேனிலிடம் கேட்டேன்,
பதினெட்டாயிரம் எதற்கு என்று.
மருத்துவச் செலவு, வீட்டுக் கடன்,
எதையாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.
“கேமரா வாங்க” என்றாள்.
கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.
டீக்கு நான் காசு கொடுத்தேன்.

அச்சுக்கூடத்தில் மை தடவி
முதல் தாளை உரித்த பிறகு
மறுபடி மை தடவாமல்
இன்னொரு தாளை வைத்து அழுத்தினால்
வெளிறிய ஒன்று வரும்.
கழிவு என்று கசக்கிப் போடுவோம்.
அன்று சாயங்காலம்
கூடையில் கிடந்ததை எடுத்துப் பிரித்தேன்.
கறுப்புப் போன இடமெல்லாம்
எண்ணூரின் காலை ஐந்தரை மணி.

சுவரொட்டியை மறுபடி ஒட்டினோம்.
இரண்டு புகைபோக்கியில் புகை,
மூன்றாவது சும்மா நிற்கிறது.
படகிலிருப்பவர் முகத்தில்
குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள்;
தூரத்திலிருந்து பார்த்தால்
வெயிலா நிழலா என்று தெரியாது.
தேசப்பன் அண்ணன் பார்த்துவிட்டு
“இது நானா?” என்றார்.
ஆமாம் என்றேன்.
ரொம்ப நேரம் பார்த்தார்.

இப்போது எபியை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.
மூக்கு வந்துவிட்டது.
இமை மட்டும் மூன்று முறை கெட்டது:
ஒன்றில் கரி, ஒன்றில் வெறுமை,
ஒன்றில் யாரோ ஒருவனின் இமை.
நாலாவது தாள், மை தடவாதது,
ஓரத்தைப் பிடித்து மெல்ல உரிக்கிறேன்.
பக்கத்து அறையில்
பத்து மணி ஷிப்டுக்கு அலாரம் வைத்துவிட்டு
அவன் தூங்குகிறான்.