சோலி ஓடிக்கிட்டிருக்கு

ஆடி பிறந்து நாலாம் ராத்திரி.
பணகுடியில் காத்து ஆளைத் தூக்குது என்று
வாட்ச்மேன் செல்லக்கண் போன் பண்ணினார்.
அங்கே நூற்றுப் பன்னிரண்டு காற்றாலைகள்.
ஒவ்வொன்றும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை
தன் வேகத்தை, சூட்டை, முனகலை
ஒரு வரியாக எழுதி வைக்கிறது.
பத்து வருஷத்து வரிகளை
பழைய சர்வரிலிருந்து புதியதுக்குக்
குடிமாற்றிக்கொண்டிருக்கிறேன்,
சமாதானபுரத்து மாடி அறையில்,
பனியனோடு.

டீமக்ஸைத் திறந்து திரையை மூன்றாகப் பிளந்தேன்.
இடப்பக்கம் நகல் ஓடுகிறது.
வலது மேலே, வட்டில் மிச்சமுள்ள இடம்.
வலது கீழே சும்மா ஒரு கோடு
துடித்துக்கொண்டிருக்கிறது,
ஏதாவது சொல்லேன் என்று.

பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.
மோடத்தின் பச்சைக் கண் மூடியது.
வேலைக்குச் சேர்ந்த புதுசில்
ஒன்பது மணி நேர ஓட்டம் ஒன்று
அணில் கடித்த வயரோடு செத்திருக்கிறது.
அன்றைக்கு அழுதேன், சொல்ல வெட்கமில்லை.
இப்போது இருட்டில் எழுந்து
செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தேன்.
அறுந்தது என் முனை மட்டும்.
அங்கே ஜெனரேட்டர் உண்டு.
பார்க்க ஆளில்லாத கறுப்புத் திரையில்
சோலி ஓடிக்கிட்டிருக்கு.

போனிலிருந்து நெட்டை வாங்கி
மறுபடி ஒட்டிக்கொண்டேன்.
அறுபத்தொரு சதம்.
நான் விட்ட இடத்தில் இல்லை,
அது விடாமல் போன இடத்தில்.

அப்போதுதான் என் திரை சுருங்கியது.
மூன்று பிளவும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்க,
மிச்ச இடமெல்லாம் புள்ளிகள்,
மழை விட்டதும் ஈசல் உதிர்ந்த தரைபோல.
யாரோ சின்ன வாசல் வழியாக வந்திருக்கிறார்கள்.
எங்களிடம் இருக்கிற பழைய பதிப்பின் சட்டம் அது:
ஒரே அறையில் எத்தனை பேர் இருந்தாலும்
இருப்பதிலேயே சிறிய திரைதான்
எல்லாருக்கும் அளவு.

நான் தொடாமலே கோடு நகர்ந்தது.
முதலில் ஒரு #.
வரியின் தலையில் அதைப் போட்டுவிட்டால்
பின்னால் வருவதை மெஷின் காதில் வாங்காது.
# அண்ணாச்சி நாந்தான் செய்யதலி பாத்திமா
# கடையநல்லூர்ல மாமா மவளுக்குக் கல்யாணம்
# மொட்டை மாடியில நிக்கேன்
# வட்டைப் பாத்தியளா

பார்த்தேன். தொண்ணூற்றேழு சதம் நிரம்பியிருந்தது.
ஒத்திகைக்குக் கொட்டிய பழைய நகல்
அடைத்துக்கொண்டு கிடந்தது. அழிக்க வேண்டும்.
மளமளவென்று அடித்தேன்,
கட்டளை, சாய்கோடு, கோப்புறையின் பெயர்.
விரல் என்டருக்குப் போகும்போது
வரி ரத்தானது.
என் கை இல்லை அது.
கீழே புதிதாக ஒரே ஒரு சொல்:
# இடைவெளி

சாய்கோட்டுக்கும் பெயருக்கும் நடுவில்
கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு வெற்றிடம்.
அதோடு தட்டியிருந்தால்
பணகுடியில் காற்று மட்டும்தான் மிச்சம்.

அவளே திருத்தி எழுதினாள்.
ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக,
கல்யாண வீட்டு மாடியிலிருந்து ஒரு பெருவிரல்
என் அறைக்குள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கடைசியில் நின்றாள். தட்டவில்லை.
கோடு துடித்தது.
நான் தட்டினேன்.
எழுபத்திரண்டுக்கு இறங்கியது.

# சோறு ஆறுது வாரேன்

புள்ளிகள் சட்டென்று மறைந்தன.
திரை பழையபடி விரிந்தது.
இத்தனை பெரிசா இருந்தது இது?

மூன்றே முக்காலுக்கு நகல் முடிந்தது.
எண்ணிப் பார்த்தேன், இரண்டு வரி குறைந்தது.
மறுபடி எண்ணினேன், சரியாக இருந்தது.
கரண்ட் இன்னும் வரவில்லை.
நானும் பிரிந்து வந்துவிட்டேன்.

ஆளில்லாத அந்த அறையில்
வலது கீழே அவள் வரிகள் அப்படியே கிடக்கின்றன.
விடிந்ததும் மேனேஜர் தன் முப்பத்திரண்டு அங்குலத் திரையோடு வந்து
ஒட்டிக்கொள்வார்.
கோடு கோடாகப் படித்துவிட்டு
யாருக்குச் சோறு ஆறிச்சு என்று கேட்பார்.