எழுத்துக்கு இருபத்தெட்டு ரூபாய்

குன்னூர் கல்வெட்டுக்காரர் விலை சொல்லிவிட்டார்.
எழுத்துக்கு இருபத்தெட்டு ரூபாய்.
புள்ளி வைத்ததும் அதே விலை, வைக்காததும் அதே விலை.

கட்டபெட்டு முக்கில்
ஹவில்தார் போஜனுக்குக் கல் வைக்கிறார்கள்.
கமிட்டியில் ஏழு பேர்.
என்னை மேட்டுப்பாளையத்திலிருந்து வரவழைத்தது
அந்த இரவில் அவரோடு இருந்தவர்களில்
இன்னும் நடமாடுகிறவன் நான் என்பதால்.
நடமாட்டம் என்றால்
ஒன்றரைக் காலில்.

பாராட்டுரையை யாரோ தமிழாக்கி
வெள்ளைத்தாளில் எழுதி வைத்திருந்தார்கள்.
"தன்னுயிரைத் துச்சமென மதித்து."
விரல்விட்டு எண்ணினேன்.
பதினைந்து எழுத்து.
நானூற்று இருபது ரூபாய்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
தலைவர் முறைத்தார்.

ஐயா,
துச்சமாக மதித்தவரை நான் பார்க்கவில்லை.

நான் பார்த்தது எழுபத்தொன்று டிசம்பரில்
பெயர் சொன்னால் இப்போதும் வாய் கசக்கும் ஓர் ஆறு.
படகு கவிழ்ந்து
நடு ஆற்று மணல்திட்டில் அடிபட்டு மூன்று பேர் கிடந்தோம்.
எதிர்க்கரையில் ஒரு மெஷின்கன்,
தையல் மெஷின் போல,
நிறுத்தி நிறுத்தி.
நான் பவானியில் குதித்து வளர்ந்தவன்.
கால் இருந்திருந்தால் போயிருப்பேன்.

வந்தவர் போஜன்.
மலைக்காரர். முழங்காலுக்கு மேல்
தண்ணீரில் நின்றறியாதவர்.
நம் கரையில் ஒரு கருவேலத்தில் கயிற்றைக் கட்டி
மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு
ஆற்றின் அடித்தரையில் நடந்தே வந்திருக்கிறார்,
தலை மூழ்கும்போது மூச்சை அடக்கி,
முங்கி, எழுந்து, முங்கி.

முதலில் வயர்லெஸ்காரனைத் தூக்கிப் போனார்.
அடுத்து சுபேதாரை. அவர் கரை சேருமுன்பே
இறந்துவிட்டார் என்பது போஜனுக்குத் தெரியாது,
அல்லது தெரிந்தும் விடவில்லை.

மூன்றாவதாக எனக்காக வந்தபோது
அவர் பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.
குளிர் என்று எழுதிவிடாதீர்கள்.
உறைபனியில் பிறந்த மனிதர் அவர்.
அது பயம்.
சுத்தமான, கலப்படமில்லாத பயம்.
திட்டில் குப்புற விழுந்து தண்ணீரைக் கக்கினார்.
படுக மொழியில் ஏதோ சொன்னார்.
ஹெத்தை என்ற ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது.
மிச்சம் வேண்டுதலா, வசவா,
ஐம்பது வருஷம் கேட்காமலே இருந்துவிட்டேன்.
பிறகு என்னை முதுகில் ஏற்றினார்.
அவர் நடுங்கியது என் நெஞ்சுக்குள் நடுங்கியது.
கயிறு நடுங்கவில்லை.

வீர் சக்ரா வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து
கேரட் போட்டார், உருளை போட்டார்,
விலை விழுந்த வருஷம் கடன் வாங்கினார்.
ஆகஸ்ட் பதினைந்துக்குக் கூப்பிட்டால்
வெள்ளை முண்டாசும் சீலையுமாக,
சீலையில் பதக்கத்தைக் குத்திக்கொண்டு
கொடி ஏறும்வரை நிற்பார்.
மிட்டாய் தருவதற்குள் போய்விடுவார்.

ஒன்று உங்களுக்கெல்லாம் தெரியும்,
தெரிந்து சிரித்திருக்கிறீர்கள்.
அவர் தோட்டத்துக்குக் கீழே ஓர் ஓடை.
ஆடு தாண்டும், பள்ளிப்பிள்ளை தாண்டும்.
அவர் மட்டும் மேலே பாலம் வரை சுற்றிப்போவார்,
முக்கால் மைல்,
தலையில் கேரட் மூட்டையோடு,
சாகும்வரை.

அதை எழுத இடமில்லை என்கிறீர்கள்.
கீழ்ப்பாதியில் நன்கொடையாளர் பதினெட்டுப் பேர்,
இனிஷியலோடு, பட்டத்தோடு.
சரி.

துச்சத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.
அந்த இடத்தில் இதைப் போடச் சொல்லுங்கள்:

நீச்சல் தெரியாது.
மூன்று முறை போனார்.

எண்ணிப் பார்த்துவிட்டேன்.
பதினாறு எழுத்து.
ஒன்று கூடுதல்.
இந்தாருங்கள், இருபத்தெட்டு ரூபாய்.
சில்லறையாகத்தான் இருக்கிறது,
பஸ்ஸுக்கு எடுத்து வைத்தது.