இடது காலடி

ஆள் எடுக்கும் படிவத்தில்
உயரம்தான் முதல் கேள்வி. ஐந்தடி ஐந்து.
நிறத்துக்கு ஒரு கட்டம்.
சிரித்தபடி ஒன்று, சிரிக்காமல் ஒன்று என இரண்டு படம்.
ஓசூரில் கேம் கண்காட்சி, பாகலூர் சாலை மண்டபம்,
சனி ஞாயிறு, நான்கு பெண்கள்.
விற்கும் பொருள்: ஹெட்செட்.

போன வருடம் நான் அனுப்பியவள் ஜெயசுதா.
ஒரு பள்ளிக்கூடப் பையன்
'இதுல லேட்டன்சி எவ்வளவுக்கா?' என்றான்.
அவள் சிரித்தாள்.
சிரிக்கத்தான் அனுப்பியிருந்தேன்.
அவன் இன்னொரு முறை கேட்டான்,
இந்த முறை கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு.
பேனருக்குப் பின்னால் அரை மணி நேரம்
தண்ணீர் குடிப்பதுபோல் நின்றாள்.

நானும் நின்றவள்தான்.
கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில்
குக்கர் ஸ்டாலில் இருபது நாள்.
துவரம்பருப்புக்கு எத்தனை விசில் என்று கேட்ட
அத்தனை பேருக்கும் பல்லைக் காட்டினேன்.
அப்போது எனக்கு
வெந்நீர் மட்டும்தான் வைக்கத் தெரியும்.

அதனால் இந்த முறை படிவத்தின் அடியில்
பேனாவால் ஒரு வரி சேர்த்தேன்:
நன்றாக ஆடத் தெரிந்திருக்க வேண்டும்.
மூன்று பேர் சலங்கையோடு வந்தார்கள்.

கடைசியாக வந்தவள் ருக்சார், பழையபேட்டை.
செல்போன் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தாள்,
கழுத்தில் அடையாள அட்டைக் கயிற்றின் தடம்.
ஐந்தடி ஒன்று.
'ஹாஸ்டல்ல மேல் கட்டில்க்கா.
கம்பளிக்குள்ள படுத்துத்தான் சுடுவேன்.
கீழ ஏழு பேர் தூங்குவாங்க.'
எதிரி வருவது எப்படித் தெரியும் என்றேன்.
'காலடிதான். புல்லுல ஒரு மாதிரி, தகரத்துல ஒரு மாதிரி.
கண்ணு அப்புறம்தான்.'
பிறகு அவள் கேட்டாள்:
'நிக்கிறதுக்கு எவ்வளவு? பேசுறதுக்கு எவ்வளவு?'

என்னிடம் ஒரே ரேட்தான் இருந்தது.
கம்பெனிக்குப் போன் போட்டேன்.
உயரம் போதாது என்றார் மேனேஜர்.
ஸ்டூல் போடுகிறேன் என்றேன்.
பேச்சுக்கு இருநூறு கூட,
அதை என் கமிஷனில் கழித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை
வந்தவன் எல்லாம் அவளுக்குப் பரீட்சை வைத்தான்.
எந்த மேப், எந்தத் துப்பாக்கி, எந்த ரேங்க்.
அதே டீ-சர்ட்டில் பக்கத்தில் நின்ற லோகுபிரசாத்தை
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
அவனுக்கு ரம்மி தவிர வேறெதுவும் தெரியாது.
பதினேழு பேருக்குப் பதில் சொன்னாள்.
பதினெட்டாவது ஆளிடம்
'நீங்க எந்த ரேங்க்ணா?' என்றாள்.
அவன் சாவியைத் தேடுவதுபோல் பையைத் தடவினான்.

மதியம், தேன்கனிக்கோட்டையிலிருந்து
பஸ் ஏறி வந்திருந்தான் ஒரு பையன்.
மூவாயிரத்து இருநூறு, எல்லாம் நூறு ரூபாய்த் தாள்.
'வாங்கலாமாக்கா?'
முக்காட்டின் மேலேயே ஹெட்செட்டை மாட்டி
ஒரு ரவுண்டு முழுக்க ஆடினாள்.
கழற்றினாள்.
'இடது பக்கம் காலடி கொஞ்சம் லேட்டா வருது.
அடுத்த மாடல் வரட்டும், பொறு.'

மேனேஜர் என்னைத் தனியாக அழைத்தார்.
'தெரிஞ்ச பொண்ணு வேணும்னா
தெரிஞ்சு புகழணும் மேடம்.'
அவளிடம் கேட்டேன், ஏன் சொன்னாய்?
'அந்தக் கேப்புல அவன் செத்துடுவான்க்கா' என்றாள்,
ஸ்டூலை மடக்கி என் கையில் கொடுத்தபடி.
ஒரு நாள் சம்பளம், இருநூறு தனி.
எண்ணிப் பார்த்துவிட்டு ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு
ஐந்தடி ஆறில் ஒருத்தியை அனுப்பினார்கள் என்று எழுதலாம்.
நான்தான் அனுப்பினேன்.

ராத்திரி பேனரைச் சுருட்டிய பிறகு
அந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.
தகரத்தின் மேல் யாரோ நடந்தார்கள்.
கண்ணை மூடினேன்.
கழற்றி, இடம் வலம் மாற்றி, மறுபடி மாட்டினேன்.
வெளியே பெங்களூர் லாரிகள்
ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தன.
எனக்கு இரண்டு பக்கமும்
ஒரே நேரத்தில்தான் கேட்டது.